ஆல்ஃபா ஒன் டிரைவுக்கான கீழ் ஷிஃப்ட் கேபிள் கிட்: பொருத்தி ஓட்டிப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

படகைக் கரைமேடைக்கு அருகே மெதுவாகக் கொண்டுவந்து, லீவரை ஃபார்வர்டிலிருந்து நியூட்ரலுக்கு இழுக்கும் நொடியில் எஞ்சின் அணைந்துபோனால், ஓட்டுபவர் கையில் எதுவும் மிச்சமிருக்காது. எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுழற்றும் 'டிரைவ்' என்ற அலகு பின்புறத்துக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் படகுக்குப் பிரேக் என்று தனியாக ஒன்று கிடையாது. ரிவர்ஸ் கியர்தான் பிரேக். புரொப்பெல்லர் தள்ளும் நீரின் திசையை மாற்றித்தான் படகு திரும்புகிறது என்பதால், எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கும் பெயருக்குத்தான் இருக்கும். என் படகு இப்படி மூன்று முறை கரைமேடையில் மோதப் பார்த்தது. மூன்றாவது முறை, முன்பக்கம் நின்றிருந்த என் மனைவி காலை நீட்டித் தடுக்க முயன்றதைப் பார்த்த அன்றே, இனி இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போய்க் கியரை மாற்றும் கீழ் ஷிஃப்ட் கேபிளுக்கான கிட்டை, மாற்று உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து வாங்கி நானே பொருத்தினேன். ஒரு பருவம் முழுவதும் அதை வைத்து ஓட்டிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

என் படகில் இருப்பது 4.3 லிட்டர் வி6 கார்புரேட்டர் எஞ்சினும், மெர்குரூசர் ஆல்ஃபா ஒன் இரண்டாம் தலைமுறை டிரைவும். முதல் ஆல்ஃபா ஒன் 1983-இலும் இரண்டாம் தலைமுறை 1991-இலும் வந்தன. இவ்வளவு காலமாகப் புழக்கத்தில் இருப்பதால்தான் இதற்கான உதிரிபாகங்களைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. என் படகில் இருந்த பழைய கேபிளுக்கு வயதாகிவிட்டிருந்தது. அது யாருடைய குற்றமும் அல்ல. நீருக்குள்ளும் எஞ்சின் அறையின் வெப்பத்திலுமாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எந்தக் கேபிளும் ஒருநாள் இறுகத்தான் செய்யும்.

கிட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் அது செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் கிட்டை வாங்கினால் தேவையில்லாத பொருளை வாங்கிவிட வாய்ப்புண்டு. ஆல்ஃபா டிரைவில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் ஆகிய இரண்டு கியர்களும் கீழ்ப்பகுதியில், புரொப்பெல்லர் தண்டைச் சுற்றி, எதிரெதிர்த் திசைகளில் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றுக்கு நடுவே பற்கள் கொண்ட ஒரு கிளட்ச் முன்னும் பின்னும் நகர்ந்து, ஏதாவது ஒரு கியருடன் பல்லோடு பல்லாகக் கோத்துக்கொள்கிறது. இதைத்தான் டாக் கிளட்ச் என்கிறார்கள். எஞ்சினின் விசை அந்தப் பற்களை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அவை எளிதில் பிரிந்து வராது. ஆகவே கியரிலிருந்து வெளியே வரும்போது, ஒரு கணம் எஞ்சினின் தீப்பொறியை நிறுத்தி அந்த அழுத்தத்தை விடுவிக்க, எஞ்சினில் ஷிஃப்ட் கேபிள்கள் வந்து சேரும் ஷிஃப்ட் தகட்டில் ஒரு சிறிய சுவிட்சை வைத்திருக்கிறார்கள். அந்தத் தகட்டிலுள்ள லீவரில் 'வி' வடிவப் பள்ளம் ஒன்று உண்டு. சுவிட்சின் சிறிய உருளை அந்தப் பள்ளத்தின் நடுவில் அமர்ந்திருக்கும். கேபிளில் வழக்கத்தை மீறிய இழுவை ஏற்படும்போது லீவர் வளைந்து கொடுக்க, உருளை பள்ளத்தின் ஓரச் சரிவில் ஏறி, சுவிட்ச் தீப்பொறியை வெட்டும். கிளட்ச் விடுபட்டதும் இழுவை தளர்ந்து, உருளை மறுபடி நடுவுக்கு இறங்கிவிடும். இதெல்லாம் ஒரு நொடியின் சிறு பங்குக்குள் நடந்து முடிவதால், எஞ்சின் லேசாக ஒருமுறை தடுமாறுவது மட்டும்தான் காதுக்குக் கேட்கும்.

கீழ்க் கேபிள் இறுகிப்போனால் என்ன நடக்கும் என்பதை இங்கிருந்தே ஊகிக்கலாம். கிளட்ச் விடுபட்ட பிறகும் கேபிளின் உராய்வே போதிய இழுவையைக் கொடுத்துக்கொண்டிருப்பதால், உருளை பள்ளத்தின் நடுவுக்குத் திரும்புவதில்லை, தீப்பொறி வெட்டுப்பட்டபடியே இருக்கும், எஞ்சின் அணைந்துவிடும். அதாவது எஞ்சினில் எந்தக் கோளாறும் இருக்காது, சுவிட்சும் தன் வேலையைச் சரியாகவே செய்யும். குற்றம் நீரோரத்தில் கண்ணுக்கு மறைந்து கிடக்கும் கேபிளில் இருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலில் நான் படகைக் காட்டிய பணிமனையில் கார்புரேட்டரைத் திருகி ஐடில் வேகத்தை, அதாவது த்ராட்டிலைத் திறக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, உயர்த்திக் கொடுத்தார்கள். எஞ்சின் அணைவது சிலநாள் குறைந்தது; ஆனால் கியர் விழும்போதெல்லாம் இரும்பில் சம்மட்டி அடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. கியரில் இருக்கும்போது ஐடில் வேகம் 600-க்கும் 700-க்கும் இடைப்பட்ட ஆர்.பி.எம். அளவில் இருக்க வேண்டிய எஞ்சினை ஏறக்குறைய 1,000-இல் ஓடவிட்டால், கிளட்சின் பல்முனைகள்தான் அந்த அடியை வாங்கும். இரண்டாம் முறை போனபோது, சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். உண்மையில் எஞ்சின் அணைவது அதோடு நின்றுபோகும். ஆனால் விசை விடுபடாத பற்களைக் கையால் பிய்த்து எடுப்பதுதான் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நடக்கும். கண்டறிவதற்காக ஐந்து நிமிடம் அந்த வயரைக் கழற்றிப் பார்ப்பதில் தவறில்லை, நானும் பார்த்தேன். அப்படியே விட்டுவிடுவதை ஒருக்காலும் ஏற்க முடியாது. ஒரு கேபிளை மாற்றி முடிக்க வேண்டிய வேலையை, கீழ்க் கியர்ப்பெட்டியையே பிரிக்கும் வேலையாக வளர்த்துவிடும் அறிவுரை அது.

ஆகவே வாங்கும் முன் சோதிப்பது அவசியம். லீவர் கனமாக இருக்கிறது என்பது மட்டும் எதையும் சொல்லாது, ஏனெனில் அந்தக் கனம் நான்கு இடங்களிலிருந்து வரலாம்: கட்டுப்பாட்டுப் பெட்டி, அதிலிருந்து எஞ்சினுக்கு வரும் மேல்க் கேபிள், ஷிஃப்ட் தகட்டிலிருந்து டிரைவுக்குப் போகும் கீழ்க் கேபிள், டிரைவுக்குள் இருக்கும் ஷிஃப்ட் தண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதலில் மேல்க் கேபிளின் எஞ்சின் பக்க முனையை ஷிஃப்ட் தகட்டிலிருந்து விடுவித்தேன். என் மனைவி ஓட்டுநர் இருக்கையிலிருந்து லீவரை முன்னும் பின்னும் நகர்த்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகர்ந்தது. அத்துடன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மேல்க் கேபிளும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின. அடுத்து, கீழ்க் கேபிளின் முனையை இரண்டு விரல்களால் பிடித்துத் தள்ள முயன்றேன், அசையவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தியபோது மணலை அரைத்துக்கொண்டு நகர்வதுபோல் நறநறவென்று சிறிது நகர்ந்து நின்றது. எஞ்சின் ஓடாதபோது கிளட்சின் பற்கள் ஒன்றுக்கொன்று நேராக முட்டிக்கொண்டு நிற்கக்கூடும் என்பதால், இதைச் சோதிக்கும்போது இன்னொருவர் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். சுழற்றாமல் பலவந்தமாகத் தள்ளினால் நல்ல கேபிளும் கெட்டதுபோலத் தோன்றும், சில சமயம் கெட்டும் போகும். புரொப்பெல்லரைச் சுழற்றியும் இறுக்கம் குறையவில்லை. எஞ்சியிருந்த ஐயம் ஒன்றுதான்: கேபிளா, டிரைவின் உள்தண்டா? டிரைவைக் கழற்றிய பிறகும் கேபிள் அதே நறநறப்போடு நகர்ந்ததால் அந்த ஐயமும் தீர்ந்தது. அதன் பிறகே கிட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் பக்கத்தையும் அதே நாளில் பார்த்துவிட்டேன், ஏனெனில் த்ராட்டில் கோளாறு பல நேரங்களில் ஷிஃப்ட் கோளாறின் வேடத்தில் வரும். ஒற்றை லீவர் பெட்டியில் லீவரை நகர்த்தத் தொடங்கும்போது முதலில் கியர் விழ வேண்டும், அதன் பிறகே த்ராட்டில் திறக்க வேண்டும். த்ராட்டில் கேபிள் தவறாக அமைக்கப்பட்டு, லீவர் நியூட்ரலில் இருக்கும்போதே கார்புரேட்டரைச் சற்றுத் திறந்து பிடித்திருந்தால், ஐடில் வேகம் இறங்கவே இறங்காது, கியரும் அடித்துக்கொண்டுதான் விழும். ஷிஃப்ட் கேபிள் தேய்ந்து தளர்ந்திருந்தாலோ, பற்கள் முழுதாகக் கோக்கும் முன்பே த்ராட்டில் திறக்கத் தொடங்கி உராய்வுச் சத்தம் எழும். என் படகில் த்ராட்டில் கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து விடுவித்ததும் ஐடில் திருகு தன் நிறுத்தத்தில் போய் அமர்ந்தது; அதாவது பணிமனையில் ஐடில் திருகோடு நிற்காமல் கேபிளையும் இழுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, லீவரை முழுவதும் முன்னே தள்ளி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்து, த்ராட்டில் தகடுகள் முழுதாகத் திறந்து செங்குத்தாக நிற்கின்றனவா என்பதையும் உறுதி செய்துகொண்டேன். த்ராட்டில் தானாகவே பின்வாங்குகிறது என்று குறைப்படுகிறவர்கள், கேபிளை மாற்றும் முன் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள உராய்வுத் திருகை ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

இனி கிட். பெட்டிக்குள் கேபிள், அதன் எஞ்சின் பக்க முனைக்கான வழிகாட்டிக் குழாய், பித்தளைப் பூட்டு, நீர் புகாமல் காக்கும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸ், அதற்கான கிளாம்புகள், கைவிரல் அகலத்தில் மடித்த ஒரு செயல்முறைத் தாள் ஆகியவை இருந்தன. கேபிளின் தரத்தைத்தான் முதலில் பார்த்தேன். பழையதன் உள்கம்பியை வெளியே இழுத்தபோது, ஓரிடத்தில் துருவின் செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டியது. அங்கே மேலுறையும் கீறிப் போயிருந்தது. புதியதன் உள்கம்பி வழவழப்பாக, வளைவோ முறுக்கோ இல்லாமல், கொஞ்சமும் தடையின்றி உள்ளே போய்வந்தது. மேலுறை பழையதைவிடச் சற்றுத் தடிமனாக இருந்ததாக என் கைக்குப் பட்டது. முனையிலுள்ள மரைகள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. டிரைவ் வந்து பொருந்தும் பெல் ஹவுசிங் என்ற உலோகக் கூட்டில் அவை கையாலேயே நேராக ஏறின. மாற்று உதிரிபாகங்களில் நான் மிகவும் அஞ்சுவது இந்த மரைகளைத்தான் என்பதால், இதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

பொருத்தும் வேலையைச் செயல்முறைத் தாள் சொல்வதைவிட நிதானமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. டிரைவை ஆறு நட்டுகள் பிடித்திருக்கின்றன. அதைக் கழற்றும்போதும் மீண்டும் பூட்டும்போதும் ஷிஃப்ட் ஃபார்வர்டு நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரைவின் பக்கமுள்ள கவ்வி கேபிளின் நுனியை விடவும் விடாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆல்ஃபா டிரைவில் மிக முக்கியமான இந்தச் செய்தி, கிட்டோடு வந்த தாளில் எட்டாவது வரியில், ஏதோ போகிறபோக்கில் சொன்னதுபோல் அச்சாகியிருக்கிறது. முதன்முறையாகச் செய்பவர் இதைத் தவறவிட்டால் அரை நாள் வீணாகும். இரண்டாவது சிக்கல், பெல் ஹவுசிங்கின் ஆழத்தில் கேபிளைத் திருகி எடுக்கும் இடம். பக்கவாட்டில் பிளவுள்ள மெல்லிய சுவர் சாக்கெட் ஒன்று இல்லாமல் அங்கே கை வைக்க முடியாது. கிட்டில் அது இல்லை, தேவை என்றும் தாளில் எழுதவில்லை. நான் ஓர் ஆழமான சாக்கெட்டை நீளவாக்கில் அறுத்துச் சமாளித்தேன். மரைகளில் நீர்த்தடுப்புப் பசை தடவியே ஏற்ற வேண்டும், ஏனெனில் இந்தத் துளை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இங்கே கவனம் தவறினால் படகுக்குள் நீர் புகும், அதைப் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் பார்ப்போம்.

கிட்டின் உண்மையான குறை கிளாம்பில் இருக்கிறது. பெல்லோஸை இறுக்கிப் பிடிக்க, இடுக்கியால் நசுக்கிப் பூட்டும் வகைக் கிளாம்பு ஒன்று தந்திருக்கிறார்கள். முதல் நசுக்கிலேயே அதன் காது ஒருபக்கமாக மடங்கி, வளையத்தில் தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. கண்ணுக்குச் சிறியதுதான், ஆனால் பெல்லோஸுக்குள் நீர் புகுந்தால் புதிய கேபிளும் பழையதன் கதிக்கே ஆளாகும். கிளாம்பை வெட்டி எறிந்துவிட்டு, வெளியே வாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பைப் போட்டேன். இவ்வளவு நல்ல கேபிளைச் செய்தவர்கள் இந்த ஒரு சிறு வளையத்தில் ஏன் சிக்கனம் பார்த்தார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கேபிளை எஞ்சின் அறைக்குள் கொண்டுபோகும் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினையும் டிரைவையும் இணைக்கும் கப்ளர் எஞ்சின் ஓடும்போது சுழன்றுகொண்டே இருக்கும். அதன் பக்கம் கேபிள் சரிந்தால் சில நிமிடங்களில் மேலுறை அறுந்துபோகும். நான் கேபிளைப் பழைய பாதையிலேயே கொண்டுபோய், இரண்டு இடங்களில் கட்டி வைத்தேன். கூர்மையான வளைவும் கூடாது. ஏறக்குறைய 8 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் புதிய கேபிளும் முதல் நாளே கனமாகிவிடும். மேல்க் கேபிளுக்கும் இதே விதிதான். கேபிள் நீளமாக இருக்கிறதென்று சுருட்டிச் செருகி வைத்திருப்பதைப் பல படகுகளில் பார்த்திருக்கிறேன்.

நட்டுகளை 50 பவுண்டு-அடி முறுக்கத்துக்கு இறுக்கி டிரைவைப் பூட்டிய பிறகு, கேபிளின் அளவைச் சரிசெய்யும் வேலை மீதமிருந்தது. இதற்குப் பணிமனைக் கையேட்டில் தரப்பட்டிருக்கும் அளவை அப்படியே பின்பற்ற வேண்டும். கிட்டின் தாளில் உள்ள படம் தெளிவில்லாமல் அச்சாகியிருப்பதால் அதை நம்ப வேண்டாம். ஃபார்வர்டிலும் ரிவர்ஸிலும் மனைவி லீவரை வைத்துப் பிடிக்க, புரொப்பெல்லரை நான் கையால் சுழற்றி, இரண்டு பக்கமும் கிளட்ச் முழுதாகக் கோத்துக்கொள்கிறதா, நியூட்ரலில் புரொப்பெல்லர் தடையின்றிச் சுழல்கிறதா என்று மாறிமாறிப் பார்த்தோம். ஒவ்வொரு நிலையிலும் டார்ச் அடித்து, சுவிட்சின் உருளை 'வி' பள்ளத்தின் நடுவிலேயே அமர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். பழைய கேபிள் இருந்தவரை அது எப்போதும் பள்ளத்தின் இடச்சரிவில் ஒட்டிக்கொண்டே இருந்தது. முதன்முறையாக நடுவில் கண்டபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

கரையில் வைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பவர்கள், டிரைவின் நீர்த்துளைகளில் குழாய்க்கவசத்தை மாட்டி நீர் விட வேண்டும். நீரில்லாமல் ஓடினால் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். பெட்ரோல் எஞ்சினாக இருப்பதால், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறையிலுள்ள பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விடுவதையும் மறக்கக் கூடாது. கேபிள் வேலைக்காக மூடியைத் திறந்து வைத்திருந்தோமே என்று இதை விட்டுவிடுவது பெரும் தவறு.

நீரில் இறக்கிய முதல் நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. லீவரை இரண்டு விரல்களால் நகர்த்த முடிகிறது. கியர் விழும்போது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். வெளியே வரும்போது அந்தச் சிறு தடுமாற்றம், உடனே சீரான ஐடில். பருவம் முழுவதும் நன்னீரில், கரைமேடையை நெருங்கும் நேரங்களில் மட்டுமே கணக்கற்ற முறை கியர் மாற்றியிருப்பேன். ஒரு முறைகூட எஞ்சின் அணையவில்லை. பருவ முடிவில் கீழ்க் கேபிளை மீண்டும் விடுவித்து இரண்டு விரல்களால் தள்ளிப் பார்த்தேன்; முதல் நாள் போலவே ஓடியது. படகின் அடிப்பகுதியான பில்ஜில் நீர்க்கசிவு இல்லை. உப்புநீரில் இதே கேபிள் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு என் அனுபவம் சான்றாகாது.

இந்தக் கிட் எல்லோருக்குமானது அல்ல. மெர்குரூசரின் பிராவோ டிரைவிலும் வால்வோ பெண்டாவின் பல டிரைவுகளிலும் மேல்க் கியர்ப்பெட்டியில் கூம்பு வடிவக் கிளட்ச் வேலை செய்கிறது; அவற்றில் கியர் விடுபட மறுத்தால் தேட வேண்டிய இடங்களே வேறு. ஆல்ஃபாவிலேயே கூட, மேலே சொன்ன சோதனையில் மேல்க் கேபிள் கனமாக இருந்தால் இதை வாங்கிப் பயனில்லை. கீழ்க் கேபிள்தான் குற்றவாளி என்று உறுதியானவர்களுக்கு, கேபிளின் தரத்துக்காகவே ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று கிளாம்புக்கும் செயல்முறைத் தாளுக்கும் சேர்த்து. ஆர்டர் கொடுக்கும்போதே நல்ல கிளாம்பு ஒன்றையும், பிளவுள்ள சாக்கெட்டையும், நீர்த்தடுப்புப் பசையையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு டிரைவின் முதல் நட்டில் கை வையுங்கள்.